பெட்டியைப் பிரிக்காமல் போட்ட ஐந்து நட்சத்திரம்

கண்ணு, நாற்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. அதனால் இதைக் காகிதத்தில் எழுதச் சொல்கிறேன். எழுதுவது நம் தெரு அங்கன்வாடி மேரி டீச்சர். எனக்குக் கைநாட்டுதான் என்பது உனக்குத் தெரியும். நான் வாயால் சொல்லச் சொல்ல டீச்சர் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுதிக்கொள்கிறார். யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பேச்சைத் திருத்தினால் ஆளே மாறிப்போகிறார்கள். இந்தக் கடிதத்தை உன் பெங்களூர் விலாசத்துக்கு அனுப்பவில்லை. டீச்சர் வாங்கிப் படிக்கிற மாதப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறோம். உனக்கு நேராக அனுப்பினால் ஓரமாக வைத்துவிடுவாய். பத்திரிகையில் வந்தால் யாராவது ஒருத்தர், “டேய், இது உங்கூரு சங்கதி மாதிரி இருக்குதுடா” என்று உன்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். வேறு நாலு பேர் படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும்.

இங்கே ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. பரிசலை நிறுத்திவிட்டார்கள். பரிசல் இல்லையென்றால் ஒகேனக்கல்லுக்குக் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் மீன் வறுக்க நான் எதற்கு? பஸ் ஏறாமல் வீட்டிலேயே கிடக்கிறேன். ஒரு ஆளுக்கு ஆக்குவது பெரிய கஷ்டம் கண்ணு. அரிசிப் பானைக்குள் கையை விட்டால் மூன்று பேருக்கான அரிசி தானாக வந்துவிடுகிறது. உலை வரைக்கும் கொண்டுபோய், நினைப்பு வந்து, பாதியைத் திரும்பக் கொட்டுகிறேன். உன் அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, நீ பெங்களூர் போய் நாலு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. டீச்சர் இதெல்லாம் எதற்கு என்கிறார். எழுதுங்க டீச்சர், சாப்பாட்டில் ஆரம்பித்துத்தான் குக்கருக்கு வரமுடியும்.

போன தீபாவளிக்கு வந்தபோது நீதான் என் போனில் உன் கம்பெனிக் கடையை ஏற்றிக் கொடுத்தாய். பெயர், விலாசம் எல்லாம் நீயே போட்டாய். “வேணுங்கறத வாயில சொல்லும்மா, படம் வரும். புடிச்சத அமுக்கு. வூட்டுக்கே வந்துரும், வந்தப்பறம் காசு குடு” என்றாய். பொங்கலுக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாய். பொங்கலுக்கு நீ வந்தால் வெள்ளாட்டுக் கறி எடுக்கணும், பழைய குண்டானில் வைத்தால் வேக நேரமாகும், பிள்ளை பசி தாங்கமாட்டான் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு “குக்கர்” என்று சொன்னேன். ஒரு ஐம்பது படம் வந்தது. பளபளப்பாக இருந்த ஒன்றை அமுக்கினேன். வாங்கும்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டேன், எம்மவன் கடையில் வாங்குகிறேன் என்று. நீ அந்தக் கடையில் குறை கேட்கிற வேலையில் இருக்கிறாய், தமிழ்க்காரர்கள் போன் செய்தால் பேசுகிற வேலை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் “எம்மவன் கடை” என்றுதான் சொன்னது.

பொருள் கொண்டுவந்தவர் பெயர் சண்முகம். நாற்பது வயசு இருக்கும், முன்னே நூல் மில்லில் இருந்தவராம். பென்னாகரத்திலிருந்து பைக்கில் அந்த மேட்டை ஏறி வந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

“அக்கா, ஒரு ஒதவி பண்ணுங்க. அஞ்சு ஸ்டார் போட்டுருங்க.”

“அதென்னா தம்பி ஸ்டாரு?”

“நட்சத்திரங்க. கம்மியா விழுந்துதுன்னா என்னியக் கூப்புட்டு வெச்சிக் கேள்வி கேப்பாங்க.”

“பொட்டியவே இன்னம் பிரிக்கலையே நானு.”

“பொட்டி கெடக்குதுங்கக்கா, எங்க ஓடிப்போயிரப் போவுது? அப்பிடியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறன். சிரிங்க. அய்ய, கொஞ்சம் பல்லு தெரிய சிரிங்க.”

என் போனை வாங்கி அவரே அமுக்கினார். கொண்டுவந்ததற்கு ஐந்து. அடுத்த பக்கத்தில் குக்கருக்கும் கேட்டதாம், அதற்கும் ஐந்து. ஏதாவது எழுத வேண்டுமாம். “என்னாவது எழுதிக்கப்பா” என்றேன். அவர் எழுதி வாசித்தும் காட்டினார்: சூப்பர் குக்கர், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் நானும் உத்தரத்துப் பல்லியும்தான். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணியும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுத்து அனுப்பவேண்டும். நான் நட்சத்திரத்தை அந்த நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆளுக்குக் கொடுத்தது குக்கருக்குப் போய்ச் சேரும் என்றோ, அதைப் பார்த்து இன்னொருத்தி வாங்குவாள் என்றோ என் புத்திக்கு எட்டவில்லை. என் தொழிலில் இருக்கிறவளுக்கு எட்டியிருக்கவேண்டும். இருபத்தைந்து வருஷமாக மீன் வறுத்துக் கொடுக்கிறேன். சாப்பிடுகிற ஒவ்வொருத்தரிடமும் “உப்பு காரம் சரியா இருக்குதுங்களா?” என்று கேட்கிறேன். இல்லை என்று சொன்னவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் “நல்லா இருக்குதுங்க” என்பார்கள். கர்நாடகக்காரர்கள் “சென்னாகிதே” என்பார்கள். அவர்கள் வாயை நான் நம்புவதே இல்லை. முகத்தைப் பார்ப்பேன். இலையில் மிச்சம் வைத்திருப்பதைப் பார்ப்பேன். வாய் நல்லா இருக்குது என்றும் கண் தண்ணீர்ச் சொம்பைத் தேடிக்கொண்டும் இருந்தால் காரம் கூடிவிட்டது என்று அர்த்தம். போனில் அந்த முகம் இல்லை கண்ணு, இலை இல்லை. வெறும் வாய்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். பெட்டியைப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஒருத்திக்கு எதற்குக் குக்கர்?

மாசி மாசத்தில் ஒருநாள் மாதம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். உனக்கு மாதம்மா அத்தையை நான் சொல்லவேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒகேனக்கல்லில் எனக்குப் பக்கத்து அடுப்பு, ஊரில் எதிர் வீடு. இருபது வருஷமாகத் தினமும் ஒரு சண்டை, ஒரு வெற்றிலை. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் கை பட்டால் சல்லிசான அரஞ்சான் மீனும் விரால் மாதிரி ருசிக்கும் என்று வந்து வந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு.

“அக்கா! போனுல உம்மூஞ்சி வருதுக்கா! கல்யாணப் பொண்ணாட்டம் பொட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கற!”

“ஆமா, வயிசுக்கு வந்துட்டன். கொஞ்சம் தள்ளிப் போயிப் பாரு, கண்ணு பட்டுரப் போவுது.”

“அந்தக் குக்கரு நல்லா இருக்குதா? கொள்ளு வேவ வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது.”

அப்போது நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? பெட்டியே பிரிக்கவில்லை, பரண்மேல் கிடக்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பாள். மகன் வரவில்லை என்று சொல்லவேண்டும். பொங்கலன்றைக்கே அவள், “ஏங்க்கா, பையன் வல்லியா?” என்று கேட்டு, நான் ராத்திரி பஸ்சுக்கு வருகிறான் என்று பொய் சொல்லியிருந்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. “எம்மவன் கடைல நல்லா இல்லாததயா விப்பாங்க?” என்றேன். அன்றைக்கே அவளும் வாங்கிவிட்டாள்.

பங்குனியில் வெடித்தது. காலை நேரம். கல்குவாரியில் வேட்டு வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவள் கத்தல் கேட்டது. ஓடிப் பார்த்தால் மூடி கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது, கொதிக்கிற கொள்ளு அவள் வலது கையெல்லாம் அப்பியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் விரல் மடங்கவில்லை. புதுத் தோலுக்குச் சூடு ஆகவே ஆகாது. அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி நின்றாலே எரிகிறது என்கிறாள். மீன் திருப்பித் திருப்பி வாழ்ந்த கை கண்ணு அது. இப்போது காலையில் நான் போய்த் தலை பின்னிவிடுகிறேன். பின்னும்போது அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு தடவையாவது, “உன்னால தான்க்கா” என்று சொல்லியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கினேன். டீச்சர் வந்து பார்த்தார். பெட்டி மேல் எங்கேயும் ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லை. விற்றவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து இங்கிலீஷ் எழுத்துத்தான் இருந்தது, ஊர் இல்லை, தெரு இல்லை. அடுத்த பஸ் பிடித்துப் பென்னாகரம் பாத்திரக்கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “முத்திர இல்லாத குக்கர நான் இங்க அடுக்கி வெச்சா நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. கடையயும் பூட்டிருவாங்க. போனுக்குள்ள இருக்கற கடைக்கு யாரு பூட்டுப் போடறது?”

திரும்பி வந்து டீச்சரிடம் போனைக் கொடுத்து, ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கி, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். எழுதினார். மறுநாள் பதில் வந்தது: உங்கள் கருத்து எங்கள் விதிமுறைகளுக்குப் பொருந்தாததால் வெளியிட இயலவில்லை. சூப்பர் குக்கர் என்ற பொய் பொருந்தியது, இது பொருந்தவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குக்கரையே காணோம். ஒரு வாரம் கழித்து அதே படம், அதே பளபளப்பு, விற்கிறவன் பெயர் மட்டும் வேறே.

அப்புறம்தான் தர்மபுரியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். நுகர்வோர் கோர்ட்டில் மாதம்மா பேரில் புகார் போட்டார். அவர் பொறுமையாக எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். குக்கர் என்றால் முத்திரை இல்லாமல் யாருமே விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். போனில் கடை நடத்துகிறவர்களும் விற்கிறவன் யார், எந்த ஊர் என்று காட்டவேண்டுமாம். குறை சொன்னால் வாங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்ல ஒரு ஆளை வைக்கவேண்டுமாம். பொய்யான பாராட்டைப் போடக்கூடாதாம். “சட்டம் இருக்குதுங்கம்மா. யாராவது வந்து கேட்டாத்தான் அதுக்கு உசுரு வரும்” என்றார்.

ஆடியில் உன் கம்பெனியிலிருந்து பதில் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை வக்கீலம்மா படித்துச் சொன்னார். அவர்கள் விற்கவில்லையாம். விற்கிறவனும் வாங்குகிறவனும் சந்திக்க இடம் மட்டும்தான் கொடுக்கிறார்களாம். அதற்கும் கீழே ஒன்று எழுதியிருந்தார்கள். இந்தக் குக்கர் நல்ல பொருள்தான், மாதம்மாதான் சரியாகப் பயன்படுத்தவில்லை, அதே ஊரில் அதே தெருவில் வாங்கின இன்னொரு வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார், வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறார், படமும் இணைத்துள்ளோம். வக்கீலம்மா அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மாதம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இடம் மட்டும் கொடுக்கிறோம் என்கிறார்களே, பாப்பாரப்பட்டிச் சந்தையை நினைத்துப் பார். சந்தைக் குத்தகைக்காரர் எதையும் விற்பதில்லை. இடத்துக்குச் சுங்கம் வாங்குகிறார், அவ்வளவுதான். ஆனால் எந்த வரிசையில் எந்த ஊர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். உனக்குப் பத்து வயசில் அங்கே ஒரு கோழி வாங்கினோமே, வீட்டுக்கு வரும்முன்னே கூடைக்குள் செத்துப்போயிற்றே. அடுத்த வாரம் உன் அப்பா நேராகக் கோழிக்காரனிடம் போகவில்லை, குத்தகைக்காரரிடம் போனார். “யோவ், உஞ்சந்தைல சீக்குக் கோழி விக்கறாங்கய்யா” என்றார். அவர் எனக்கென்ன என்று சொன்னாரா? எழுந்து வந்து, அந்த ஆளைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து நிறுத்தினார். சுங்கம் வாங்கினால் சந்தையில் நடப்பதற்கும் பொறுப்பு உண்டு. இது படிக்காதவர்களே கண்டுபிடித்த நியாயம்.

ஆவணி முதல் வாரம் நீ போன் செய்தாய். நாற்பது நாளுக்கு முன்னால், நாம் கடைசியாகப் பேசினது. பெட்டியைப் பிரிக்காமல் போட்ட ஐந்து அது என்று மாதம்மாவுக்காக நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்பது உனக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

“அம்மா, நீ எழுதிக் குடுத்தியா?”

“இன்னம் இல்ல சாமி. கைநாட்டு வெக்கணுமாம். அப்பறம் கேள்வி கேட்டா நேர்ல சொல்லணுமாம்.”

“வேண்டாம்மா. மாதம்மா அத்தைக்கு நான் எங்கையால ஒதவி பண்றன். நீ இதுல தலையக் குடுக்காத. அந்த ரிவ்யூ குடுத்தது எங்கம்மான்னு தெரிஞ்சா என்னிய என்னா பண்ணுவாங்கன்னு தெரியல. என்னிய டீம் லீடர் ஆக்கற நேரம் இது.”

“அந்தப் பொட்டிய நான் பிரிக்கவே இல்லடா.”

“அது எனக்குத் தெரியும்மா! எல்லாருந்தான் பிரிக்காம போடறாங்க. எங்களுக்கும் தெரியும். நாங்க இத நிறுத்துனா அடுத்த கம்பெனிக்காரன் வித்துட்டுப் போவான். நாங்க மட்டும் ஒழுங்கா இருந்து என்னா ஆவப்போவுது?”

“அப்ப நானு என்னாடா சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு. கேசுக்குத் தமிழ் தெரிஞ்ச ஆளுன்னு என்னியவே அனுப்பினாலும் அனுப்புவாங்க. உனக்கு எதிர்ல நான் உக்காரணுமா?”

நான் பதில் சொல்வதற்குள், சாட்சி சொல்லப் போனால் இனி என்னிடம் பேசாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

இப்போது சொல்கிறேன். நீ கேட்டாயே, நாங்கள் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது என்று, அதே கேள்வியை நான் ஒரு காலத்தில் கேட்டவள். நீ அப்போது கைக்குழந்தை. மீன் மசாலாவில் நான் சிவப்புக் கலர் பொடி போட்டுக்கொண்டிருந்தேன். அது நல்லதில்லை என்று தெரியும். கை கழுவினால் இரண்டு நாளைக்குப் போகாது, வயிற்றுக்குள் போய் என்ன பண்ணும் என்று தெரியாதா? ஒருநாள் போடாமல் பார்த்தேன். என் மீன் வெளுத்துக் கிடந்தது, கூட்டமெல்லாம் அடுத்த அடுப்புக்குப் போய்விட்டது. சாயங்காலமே திரும்பப் போட்டேன். ஒருத்தி மட்டும் யோக்கியமாக இருந்தால் அவள் பிள்ளைக்குத்தான் பட்டினி.

அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டுச் சோதனை ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஒரு அடுப்பு விடாமல் எல்லார் மசாலாவையும் மோந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, அங்கேயே மண்ணில் கொட்டினார். இனி கலர் இருந்தால் அடுப்பே வைக்கமுடியாது என்றார். நான் மண்ணை வாரி அந்த ஜீப்புக்குப் பின்னால் தூற்றினேன். அவர் குடும்பம் விளங்காது என்று சாபம் விட்டேன். மாதம்மாவும் சேர்ந்துதான் விட்டாள். அடுத்த வாரம் பார்த்தால் எல்லார் மீனும் ஒரே மாதிரி மாநிறத்தில் கிடந்தது. வருகிறவர்கள் அதையே சாப்பிட்டார்கள். கலரில் ஏமாற்ற முடியாது என்று ஆனபிறகுதான் கண்ணு, யார் கைக்கு ருசி இருக்கிறது என்பதே தெரிந்தது. மாதம்மாவுக்குப் பேர் வந்தது அதற்கப்புறம்தான். அந்த ஆபீசர் என்னைத் தண்டித்தார் என்று நினைத்தேன், எனக்கு யோக்கியமாக இருக்க ஒரு வழி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உன் கம்பெனிக்குள்ளும் உன்னை மாதிரி எத்தனையோ பேர், இது சரியில்லை என்று தெரிந்து கலர் போட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே சட்டம் வந்து நின்றால் உங்களுக்கும் அது விடுதலைதான்.

பரிசல் ஓட்டின உன் அப்பாவும் இப்படித்தான் கத்தினார். பரிசலில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, எல்லாரும் மிதக்கும் சட்டை போடணும் என்று உத்தரவு வந்தபோது, “முப்பது வருசமா நான் தண்ணியில இருக்கறன், எனக்கு இவனுங்க சட்ட மாட்டி உட வந்துட்டானுங்க” என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு சுழியில் அவர் பரிசல் கவிழ்ந்து ஐந்து பேர் விழுந்தார்கள். ஐந்து பேரும் மிதந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த நாறுகிற சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

நீ பேசாமல் போனபின் நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். இதை எழுதவேண்டாம் என்று டீச்சர் சொல்கிறார், எழுதட்டும். உன் குரலைக் கேட்கவேண்டும் போல் இருந்தது. உன் கம்பெனியின் குறை சொல்கிற நம்பருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்று என்றது, ஒன்றை அமுக்கினேன். ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. நாலு நாள், நாலு தடவை. ஒரு தடவைகூட நீ வரவில்லை. நாலாவது தடவை ஒரு பெண்பிள்ளை வந்தது.

“உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?”

“ஒண்ணுமில்ல சாமி. எம்மவன் அங்கதான் வேல பாக்கறான். அவன் பக்கத்துல இருந்தாக் குடேன்.”

“அம்மா, அப்படியெல்லாம் கனெக்ட் பண்ண முடியாதுங்க. வேற ஏதாவது உதவி தேவைப்படுதுங்களா?”

“இல்ல சாமி. நீ சாப்புட்டியா?”

ரொம்பத் தாழ்ந்த குரலில், “இன்னும் இல்லீங்கம்மா” என்றது. வைத்ததும் ஒரு மெஷின் வந்து, இந்த உரையாடலுக்கு மதிப்பெண் கொடுங்கள், மிகச் சிறப்பு என்றால் ஐந்தை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். பொய் இல்லாமல் நான் கொடுத்த ஐந்து அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் என்று தோன்றுகிறது. உனக்கு ஏழு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் லீவு, என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்பம் வந்து மீன் கேட்டது. நான் எடுத்து வைத்தேன். நீ அந்த அம்மாளைப் பார்த்து, “அது நேத்து மீனுங்க, வாங்காதீங்க” என்றாய். சத்தமாக, சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் கரண்டிக் காம்பாலேயே உன்னை அடித்தேன். “சோறு போடற எடத்தக் கொற சொல்லுவியா? சொல்லுவியா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ அழுதுகொண்டே இனி சொல்லமாட்டேன் என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய் கண்ணு. அதற்கப்புறம் நீ யாரையும் எதையும் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. நல்ல பையன், வாயே திறக்கமாட்டான் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினாய். ஆவணியில் நீ போனில் “சும்மா இரு” என்றபோது எனக்குக் கோபமே வரவில்லை. அது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். உன் வாயில் என் குரலைத்தான் கேட்டேன். அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு. நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று சொன்ன பிள்ளையை அடித்தது பெரிய தப்பு.

வழக்கு அடுத்த மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. பத்திரிகை ஒன்றாம் தேதி வந்துவிடும் என்கிறார் டீச்சர். நான் கைநாட்டு வைத்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா. மாதம்மாவும் நானும் முதல் பஸ்சுக்கே கிளம்பிவிடுவோம். அந்தக் கம்பெனியில் உங்களுக்கு யாராவது வேண்டியவர்கள் இருக்கிறார்களா என்று எதிர் வக்கீல் கேட்கலாமாம். இல்லை என்று சொல்லிவிட்டால் உன் பேர் வராது. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால், ஆமாங்க, எம்மவன் என்று சொல்லப்போகிறேன். இன்னொரு பொய் சொன்னால் மாதம்மா கையை நான் எப்படித் தொடுவது? உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தான். தெரிந்துதான் போகிறேன். அதற்காக நீ என்னைத் திட்டு, ஊருக்கு வராமல் இரு, அது உன் பாத்தியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தமிழ் தெரிந்த ஆள் என்று கம்பெனி உன்னையே அனுப்புகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வா. அவர்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார். என்னிடம் பேசவேண்டாம், என்னைப் பார்க்கவும் வேண்டாம். நான் சொல்லவேண்டியதை ஜட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது.